அரைகுறையாகவே கொண்டு வா

இளங்கோவுக்கு அம்மா எழுதுவது. இதை நின்றுகொண்டே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மேசை மேல் போட்டுவிடாதே. உட்கார்ந்து படி. கொண்டு வந்து கொடுக்கிறவன் நூர்ஜஹான் அக்காவின் மருமகன் அன்வர். என்னோடு இத்தனை வருஷம் பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் மங்கலம்பேட்டை நூர்ஜஹான் அக்காவை உனக்கு நன்றாகத் தெரியும், மருமகனைத்தான் நீ பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை அவனுக்குக் கத்தாருக்கு விமானம். பெட்டியோடு போகிறவனைப் பிடித்து, வழியில் உன் வீட்டில் இறங்கி, கடிதத்தை உன் கையில்தான் கொடுக்க வேண்டும், தேவி கையில் கொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீ படித்து முடிக்கிறவரை அவன் வாசலை விட்டு நகர மாட்டான். ஒரு டீ போட்டுக் கொடு. கூடவே இரண்டு தாளைச் சேர்த்துச் சுருட்டிக் கட்டியது ஒன்று தருவான். அதை இப்போது பிரிக்காதே, எப்போது பிரிப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

பத்தொன்பது நாளாக உன் போன் அணைந்து கிடக்கிறது. தேவிக்குப் போட்டால், "அவரு வேலை முடியட்டும் அத்தை, அவரே பேசுவாரு" என்கிறாள். சாப்பாட்டுக்கு மட்டும் அறையை விட்டு வெளியே வருகிறாயாம். பேத்தி வரைந்த படத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறதாம். தேவி மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன் கல்யாணத்தன்று அவளுடைய தாய்மாமன், "பொம்மை பண்றவங்க வூட்டு சம்பந்தமா" என்று என் காது படச் சொன்னதும், அன்றைக்கு அந்த ஆள் போட்டிருந்த சட்டையின் பாசிப்பச்சை நிறமும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் போன வாரம் அந்தப் பெண் போனில் அழுதாள். "எனக்கே காட்ட மாட்டேங்குறாரு அத்தை" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பழசை எல்லாம் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, முட்டி போன கிழவர் கிழவிகளுக்கென்று நீ வரைந்த கக்கூஸ் பேசினுக்குக் கம்பெனியில் அச்சு எடுக்கப் போகிறார்கள். தை மாதம் நீ அனுப்பிய படத்தை வைத்துத்தான் எடுக்கப் போகிறார்கள். அந்தப் படத்தை முதலாளி லேமினேட் செய்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டுகிறார். அந்தப் படம் தப்பு என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நீ, இன்னொன்று நான். வைகாசியில் நீயாகவே போன் செய்து, "அது தப்பும்மா. கால் வைக்கிற இடம் தப்பா போட்டுட்டேன். எழுந்திருக்கும்போது பின்னாடி சாஞ்சிடுவாங்க. சரி பண்ணிக்கிட்டு இருக்கேன். முடிக்கிற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் திறக்காத" என்றாய். சத்தியம் வாங்கிக்கொண்டாய். ஐந்து மாதம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். வாயைக் கட்டுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நீ சொல்லாமல் இருந்தாய், நானும் சொல்லவில்லை, அதனால் படம் சரிதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். முதலாளி மேல் தப்பில்லை. முதல் ஆர்டர் கொடுத்த முதியோர் இல்லத்திலிருந்து தினம் போன் வருகிறதாம். கட்டடம் முடிந்து, டைல்ஸ் ஒட்டுகிற ஆள் பேசினுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறானாம். எண்பது வயசுக்காரர்கள் அதில் உட்காரப் போகிறார்கள். அவர்களில் யார் முதலில் பின்னால் சாய்வார்கள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன திங்கட்கிழமை சத்தியத்தை உடைத்துவிட்டேன். மேஸ்திரியிடம் போய், அந்தப் படத்தில் கோளாறு இருக்கிறது, அச்சு எடுக்க வேண்டாம் என்றேன். அவர் கையிலிருந்த வேலையைக்கூட நிறுத்தவில்லை. "இன்னா யம்மா, உன் மவன் போட்ட படத்துல நீயே கொறை சொல்ற? அவருதான் காலேஜுல படிச்சிட்டு வந்தவரு. நீ எத்தினாவது?" என்றார். அஞ்சாவது என்றேன். "அப்போ அஞ்சாவது சொல்றத கேக்கறதா, காலேஜு சொல்றத கேக்கறதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பிறகு முதலாளியிடம் போனேன். அவர் மரியாதையாக உட்கார வைத்துத்தான் பேசினார். "அம்மா, படம் இளங்கோ சாருது. அதை அவரு மாத்தலாம். நான் எப்படி மாத்துறது? அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், நிறுத்திடறேன். இதுக்குப் பதிலா என்ன பண்ணணும்னு எதையாவது காட்டட்டும்" என்றார். அவன் எட்டு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான் என்றேன். "எங்கேம்மா? ஒண்ணுகூட என் கண்ணுல படலியே" என்றார். எட்டு மாதம் நீ வேலை செய்ததற்கு இந்த ஊரில் ஒரு துண்டுக் காகிதம்கூட சாட்சி இல்லை.

ஏன் இப்படி ஆனாய் என்று மற்றவர்களைக் கேட்டால் உன் சுபாவம் என்பார்கள். சுபாவம் இல்லை, நான் செய்தது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமே சொல்கிறேன். உனக்கு ஏழு வயசு. கம்பெனியில் மிஞ்சிய களிமண்ணில் ஒரு பஸ் செய்துகொண்டிருந்தாய். மூன்று சக்கரம் ஒட்டியாகிவிட்டது, நாலாவது இன்னும் இல்லை. ஜன்னலுக்கு ஓட்டை போட்டிருந்தாய், கூரை இல்லை. அதைக் கையில் ஏந்திக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலுக்கு ஓடி வந்தாய். அங்கே ராசாத்தி நின்றுகொண்டிருந்தாள். என்னோடு பெயிண்டிங் பிரிவில் இருந்து பிறகு மாதிரி செய்கிற இடத்துக்குப் போனாளே, அவள்தான். "பஸ்ஸுக்கு மூணு சக்கரம்தானா? உங்க வூட்டு பஸ்ஸு நொண்டி பஸ்ஸாடா?" என்று அவள் சிரித்தாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. உன்னைச் சொன்னேன். "முடிச்சிட்டு வந்து காட்டு. அரைகுறையெல்லாம் நாலு பேரு முன்னாடி தூக்கிட்டு வராத" என்று முதுகில் ஒன்று வைத்து அனுப்பினேன். நாலாவது சக்கரத்தை எங்கே வைப்பது என்று கேட்கத்தான் வந்தாய் என்று மறுநாள் உன் அப்பா சொன்னார். முன்பக்கம் வைத்தால் வளையும்போது சாய்கிறது என்று அவரிடம் சொன்னாயாம். என்னிடம் நீ அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதையுமே சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் துணி போட்டு மூடி வைத்துச் செய்வாய். முடிந்த பிறகு எடுத்து வருவாய். என் பிள்ளை முடிக்காமல் எதையும் வெளியே காட்ட மாட்டான் என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான்.

நீ காலேஜில் டிசைன் படித்தபோது வாத்தியார் ஒருவர் உன்னைத் திட்டியது நினைவிருக்கிறதா? முதல் படம், இரண்டாவது படம், மாற்றிய படம் என்று எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டிக் காட்டச் சொன்னாராம். உன்னிடம் கடைசிப் படம் மட்டும்தான் இருந்தது. லீவில் வந்தபோது, முடிந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, முடியாதது போல நாலு படம் புதிதாக வரைந்து, அழுக்காக்கி, மடக்கி, டீக்கறை வைத்து எடுத்துக்கொண்டு போனாய். டீயை நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு பேரும் எவ்வளவு சிரித்தோம். அந்த வாத்தியார் உன்னிடம் என்ன கேட்டார் என்பது எனக்கு இந்த வாரம்தான் புரிந்தது.

இந்தப் பேசின் உன் மனசில் எப்போது விழுந்தது என்று நீ சொல்லியிருக்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். உன் அப்பா சூளைக்கு விறகு தள்ளித் தள்ளி முட்டி தேய்ந்து போனவர். நல்லூரில் உன் அத்தை வீட்டுக் காதுகுத்துக்குப் போன இடத்தில், தரையோடு பதித்த கக்கூஸில் குத்தவைத்து, எழுந்திருக்க முடியாமல், பிடிக்க ஒன்றும் இல்லாமல், ஈரத்தில் சறுக்கி விழுந்தார். கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். வெளியே மேளச் சத்தம். உன் அத்தை, "அண்ணன் எங்கே, பந்திக்கு நேரமாச்சு" என்று தேடினாளே தவிர, கதவைத் தட்டிப் பார்க்கவில்லை. அவளோடு நான் பேசி எத்தனை வருஷம் ஆகிறது என்று உனக்குத் தெரியும். இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். குத்தவைக்கவும் முடியாது, உயரமாக நாற்காலி மாதிரி இருப்பதில் உட்கார்ந்து பழக்கமும் இல்லை, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று செய்ய வேண்டும் என்று கருமாதி அன்றே நீ சொன்னாய். அப்பாவுக்காக ஆரம்பித்தது. அது இன்னொருவருடைய அப்பாவைத் தள்ளிவிட்டால் நீ அதற்குப் பிறகு பென்சிலைத் தொடுவாயா? நீ தொட மாட்டாய். அதுதான் எனக்குப் பயம்.

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு, நீ பார்த்திருப்பாய், என்ன ஏது என்று கேட்டிருக்க மாட்டாய். புதிதாக ஒரு மாதிரி செய்தால் உடனே சூளையில் வைக்க மாட்டோம். பச்சையாகவே, ஈரச் சாக்கு போர்த்தி, வாசல் பக்கம் ஒரு பலகையில் இரண்டு நாள் வைப்போம். போகிறவர் வருகிறவர் யார் வேண்டுமானாலும் சாக்கைத் தூக்கிப் பார்க்கலாம். எந்த இடம் சரியில்லை என்று படுகிறதோ அந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல் வைத்துவிட்டுப் போக வேண்டும். பேரும் சொல்ல வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். கூட்டுகிறவள்கூட வைப்பாள். கீறலைப் பார்த்துச் செய்தவர் திருத்துவார். சுட்டு, மெருகு ஏற்றி, பளபளவென்று வெளியே வந்துவிட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அவ்வளவு நெருப்பும் உழைப்பும் போன பிறகு எப்படிச் சொல்வது என்று எல்லோருக்கும் ஒரு கூச்சம். நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உன் பேசினை மட்டும் அந்தப் பலகையில் வைக்கவே இல்லை, காலேஜு படம், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பலகையில் நான் செய்த பாவம் ஒன்று இருக்கிறது. ராசாத்தி ஒரு பெரிய ஊறுகாய் ஜாடிக்கு மாதிரி செய்து வைத்திருந்தாள். சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். பிடிக்கிற காது ஒட்டிய இடத்தில் களிமண் பற்றவில்லை, சூட்டில் விட்டுவிடும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். மூன்று சக்கர பஸ் ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டேன். சாக்கை ஒழுங்காக மூடிவிட்டு வந்து என் வேலையைப் பார்த்தேன். அவள் மாதிரியை வைத்து அச்செடுத்து, ஒரு சூளை நிறைய ஜாடி சுட்டார்கள். திறந்தபோது காதெல்லாம் தனியே கிடந்தன. அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கேட்டைத் தாண்டும்போது என்னிடம் வந்து, "நீ பாத்தியே யக்கா, உனக்குமா தெரியல?" என்றாள். தெரியலடி என்றேன். அவள் சிரித்ததற்கு நான் கணக்குத் தீர்த்துவிட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அவளை எனக்குப் பிடிக்காது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு முறை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

ஆகவே இன்னொன்றும் செய்தேன். ஆடியில் நீ வந்துவிட்டுப் போனபோது பின் அறையில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, தொடாதே என்றாய். திறந்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உள்ளே அட்டையில் வெட்டிய கால் மிதிகள், பேசினில் கால் வைக்கிற இடத்துக்கு நீ வெட்டிப் பார்த்தவை, ஏழு ஜோடி. ஒவ்வொன்றிலும் பென்சிலால் 'இல்லை' என்று எழுதியிருந்தாய். முதல் ஜோடியில் 'இல்லை'. இரண்டாவதிலும் 'இல்லை'. ஆறாவதில் எழுத்தே கோணிக்கொண்டு போயிருந்தது. ஏழாவதில் 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை உன் அப்பா போனபோதுகூட அழுததில்லை. ஏழு முறை நீ தனியாகவே கேட்டு, தனியாகவே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாய். யாருடைய காலை வைத்து நீ இதை அளந்தாய்? உன் காலையா, புத்தகத்தில் போட்ட காலையா?

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பொருள் காயப்போடும் கொட்டகைக்குப் பின்னால், நம் பெண்களைக் கூப்பிட்டேன். லேமினேட் போட்ட படத்தில் எழுதியிருந்த அளவை டேப்பால் பார்த்து, அதே உயரத்துக்கு, அதே இடைவெளியில் செங்கல் அடுக்கினேன். நடுவில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன். செங்கல் மேல் சிமெண்ட் மூட்டைத் தாளை விரித்து, பொம்மை வார்க்கிற வெள்ளைக் களிக்குழம்பில் காலை நனைத்துக்கொண்டு, உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னேன். நூர்ஜஹான் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாங்க.

"ஏம்மா, சோத்து நேரத்துல கூப்புட்டு கக்கூஸுல குந்தச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்குதா?"

"வெறும் செங்கல்லுதான் அக்கா. குந்துங்க."

"செங்கல்லா இருந்தாலும் நெனப்பு வருதில்ல."

எல்லோரும் சிரித்துச் சிரித்துத்தான் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா பின்னால் சாய்ந்தாங்க, இரண்டு பேர் பிடித்தோம். கம்மாபுரத்திலிருந்து மகன் டூவீலரில் கொண்டுவந்து விடுகிறானே, செல்லம்மாள், அவள் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே, "உன் மவன் எங்களுக்கு சிம்மாசனம் பண்றான்னு பாத்தா, சர்க்கஸுல யானை ஏறி நிக்கிற ஸ்டூல பண்ணி வெச்சிருக்கான்" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை என்றால் நம்புவாயா? இதே பெண்களைத்தான் பங்குனியில் முதலாளி ஆபீஸுக்குக் கூப்பிட்டுச் சுவரில் இருக்கும் படத்தைக் காட்டினார். பதினோரு பேரும் பார்த்தார்கள். பளபளன்னு இருக்குது சார், நல்லா இருக்குது சார் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அதே பதினோரு பேர், அதே அளவு. அன்றைக்குப் படத்தில் எல்லாம் முடிந்திருந்தது, அவர்களுக்குச் சொல்ல இடம் இல்லை. செங்கல்லில் இடம் இருந்தது.

இப்போது சுருட்டிக் கட்டியதைப் பிரி. வெள்ளையாகப் பதிந்திருப்பது எங்கள் கால்கள். யாருடையது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். குதிகால் எங்கே இருக்கிறது பார். பதினோரு பேரில் எட்டுப் பேருக்குக் குதிகால் தாளிலேயே இல்லை, செங்கல்லுக்கு வெளியே தொங்கியிருக்கிறது. களி மிதித்து, கூடை சுமந்து, எங்கள் பாதம் விரிந்து போன பாதம். நேராகவும் நிற்காது, வெளிப்பக்கம் திரும்பித்தான் நிற்கும். இது எந்தப் புத்தகத்தில் இருக்கும்? பிறகு செல்லம்மாள் யாரும் சொல்லாமலே ஒரு செங்கல்லைக் காலால் வெளியே தள்ளி, "இப்படி வெச்சா?" என்றாள். நூர்ஜஹான் அக்கா, "கையிக்கு ஒண்ணு வேணும், இங்கே, முன்னால, செவத்துல இல்ல" என்று காற்றில் பிடித்துக் காட்டினாங்க. நான் உன் ஏழாவது ஜோடியை எடுத்துச் செங்கல் மேல் வைத்து, புதுத் தாளை விரித்து, எல்லோரையும் மறுபடி உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னேன். இரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் குதிகால் உள்ளே வந்துவிட்டது. அதுதான் இரண்டாவது தாள். உன் கேள்விக்குறிக்கு ஒன்பது பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேர் இல்லை என்கிறார்கள். அந்த இரண்டு பேரின் பெயரும் எழுதியிருக்கிறது, வந்து கேள்.

இந்தத் தாள்களை முதலாளியிடம் காட்டினேன். "இது என்னம்மா, கோலமா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் அதையேதான் சொன்னார். படம் போட்டவர் வாயால் வர வேண்டும்.

நான் உன்னிடம் முடித்துக் கொண்டு வரச் சொல்லவில்லை, இளங்கோ. முடிப்பதற்கு இன்னும் எட்டு மாதம் எடுத்துக்கொள். முடியாததைக் கொண்டு வா என்கிறேன். உன்னிடம் இருக்கும் கோணல் படத்தையே கொண்டு வா. நன்றாக வரைந்ததைக் கொண்டு வந்தால் மறுபடியும் எல்லோரும் நல்லா இருக்குது என்பார்கள். அட்டையில், சோப்புக் கட்டியில், சாக்கில் எதில் செய்திருந்தாலும் சரி, யாரும் பயப்படாமல் கை வைக்கிற மாதிரி ஒன்று போதும். ஒன்றை மட்டும் கொண்டு வந்தால் பிடித்திருக்கிறதா இல்லையா என்றுதான் பேசுவார்கள். மூன்று வைத்தால் இதற்கு அது தேவலை என்பார்கள், அதில் உனக்கு வேண்டியது கிடைக்கும். எப்படி இருக்கிறது என்று கேட்காதே. உட்காரச் சொல், நீ தள்ளி நின்று கால்களைப் பார். உனக்குத் தெரியாத இடம் எதுவோ அதை வெற்றாக விட்டுக் கொண்டு வா, இது எனக்குத் தெரியவில்லை என்று உன் வாயால் சொல். அதைச் சொன்னால் கேவலம் என்று நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன்.

வரவே முடியவில்லை என்றால், தை மாதப் படத்தையே எடுத்து, கால் மிதியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, 'இது தப்பு, அச்சு எடுக்காதீர்கள்' என்று கையால் எழுதி, போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பு. அன்வர் பக்கத்தில் நிற்கும்போதே அனுப்பு. அழகாக எழுத வேண்டாம். தேவியைக் கூப்பிட்டு அவளிடம் முதலில் காட்டு. அவள் சிரித்தால் என்னிடம் சொல், தாய்மாமன் கணக்கோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் சிரிக்க மாட்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்கப் போவது நான்தான். இப்போதும் வாரத்தில் மூன்று நாள் என்னை அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். தண்ணீரில் மாவைத் தூவிக் கையை விட்டுக் கலக்கினால், முதலில் பால் மாதிரி இருக்கும், பிறகு விரலுக்கு நடுவில் சூடு ஏறும், அதற்கு மேல் யாராலும் நிறுத்த முடியாது, கல்லாகிவிடும். நான் மாவு மூட்டையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் சரியில்லை என்பேன். கை வலிக்கிறது என்பேன். நூர்ஜஹான் அக்காவைக் கூப்பிடுவார்கள், அவங்களும் கலக்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்காங்க. மேஸ்திரி கத்துவார், கத்தட்டும். இப்படியெல்லாம் செய்தால் பதினோரு மணிவரை இழுக்கலாம். அதற்கு மேல் என்னால் முடியாது. பதினோரு மணிக்கு மேஸ்திரியே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் கை சுத்தமான கை. நீ போட்ட அந்தப் படத்தை இம்மிகூடப் பிசகாமல், ஒரு குமிழிகூட இல்லாமல் எடுத்துவிடுவார்.